காது இல்லாத சைட்விண்டர்: இது முதல் பிரஸ்ஸிங்தானா?

#1 மேற்குச்சாலை (நியூஜெர்சி)

எல்லாருக்கும் வணக்கம். ஜாஸ் கேட்பது கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. தட்டு வாங்க ஆரம்பித்தது இப்போதுதான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஊரில் ஒரு வீட்டைக் காலி செய்கிற விற்பனையில் டிரம்பெட்காரர் லீ மோர்கனின் 'தி சைட்விண்டர்' கிடைத்தது. ப்ளூ நோட் கம்பெனி, மோனோ, தட்டு எண் பிஎல்பி 4157. விலை 40 டாலர். கவரின் மேல் விளிம்பு பிரிந்திருக்கிறது, தட்டு கண்ணுக்குப் பளபளவென்று இருக்கிறது. நீலமும் வெள்ளையுமான லேபிள், அதில் 'நியூயார்க், யுஎஸ்ஏ' என்று போட்டிருக்கிறது. பாட்டு முடிந்து லேபிள் வரைக்கும் வரும் வெற்றிடத்தில், அதாவது டெட் வாக்ஸில், இரண்டு பக்கமும் 'வேன் கெல்டர்' என்று அச்சு குத்தியிருக்கிறது.

ஆனால் லேபிளில் வட்டமாக ஆழப் பதிந்திருக்க வேண்டிய டீப் க்ரூவ் இல்லை. எல்லாரும் சொல்கிற அந்தக் 'காது'ம் இல்லை. டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாயிற்று. இது முதல் பிரஸ்ஸிங் (முதன்முதலாக அழுத்தி வெளியிட்ட பிரதி) இல்லையா, ஏமாந்துவிட்டேனா? பணத்தை விடுங்கள், கையில் இருப்பது என்ன என்று தெரிந்தால் போதும்.

#2 ஊசிமுனை (சென்னை)

ஏமாறவில்லை தம்பி. அந்த இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

டீப் க்ரூவை மறந்துவிடுங்கள். தட்டு அழுத்தும் மெஷினில் இருந்த பழைய டையின் தடம் அது, அவ்வளவுதான். 1961 வாக்கில் அது ஒழுங்காக வருவது நின்றுவிட்டது. பழைய டை ஒன்று எப்போதாவது மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் விழும். சைட்விண்டர் பதிவானது 1963 டிசம்பர் 21, வெளிவந்தது 1964. அந்த வருஷத்துத் தட்டில் பள்ளம் இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விற்கிறவர்கள்தான் பள்ளம் இருந்தால் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போடுவார்கள்.

காது வேறு சமாச்சாரம். உண்மையில் அது சாய்வாக எழுதிய 'பி' (P) என்கிற எழுத்து. உங்கள் மாநிலத்திலேயே இருந்த பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். ப்ளூ நோட் எல்பிகளை அங்கேதான் அழுத்தினார்கள். ப்ளூ நோட்டை நிறுவிய ஆல்ஃபிரட் லயன், கம்பெனியை லிபர்ட்டி ரெக்கார்ட்ஸுக்கு விற்றது 1965-66 வாக்கில். லிபர்ட்டி வந்ததும் வேலை வேறு ஆலைகளுக்குப் போனது, காதும் போனது. ஆனால் அச்சடித்து அடுக்கி வைத்திருந்த பழைய லேபிளையும் கவரையும் யாராவது குப்பையில் போடுவார்களா? தீரும் வரை பயன்படுத்தினார்கள். உங்களிடம் இருப்பது அந்த வகை. 1966 அல்லது அதை ஒட்டி அழுத்தியதாக இருக்கும்.

சுருக்கமாக: முதல் பிரஸ்ஸிங் இல்லை. அசல் லேபிள், அசல் வெட்டு, ஆலை மட்டும் வேறு.

#3 மோனோபிரியன் (சிங்கப்பூர்)

ஊசிமுனை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'வேன் கெல்டர்' முத்திரை ஏன் முக்கியம் என்றால், ரூடி வேன் கெல்டர் பதிவு செய்தவர் மட்டுமில்லை, லேக்கரை வெட்டியவரும் அவர்தான். டேப்பிலிருந்து லேக்கர் தட்டில் வெட்டுவார்கள். அதற்கு உலோகப் பூச்சு கொடுத்து நெகட்டிவ் எடுப்பார்கள், அதிலிருந்து மதர், மதரிலிருந்து தட்டை அழுத்தும் அச்சான ஸ்டாம்பர். லேக்கரில் குத்திய முத்திரை இந்த வரிசை முழுக்க இறங்கி உங்கள் தட்டு வரைக்கும் வந்துவிடும். ஆக, உங்கள் தட்டில் ஊசி ஓடுகிற தடம் அவர் வெட்டிய தடத்தின் வாரிசு.

காது இருந்தால் இதே தட்டின் விலை எங்கேயோ போயிருக்கும். காது இல்லாத வேன் கெல்டர்தான் இந்தச் சந்தையில் புத்திசாலித்தனமான கொள்முதல் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறேன். 40 டாலருக்கு வாங்கிவிட்டு ஏமாந்தேனா என்று கேட்கிறீர்களே!

#4 கடைத்தெரு (ஸ்கார்பரோ)

மோனோபிரியன் சொல்லுறதை முழுக்க ஒத்துக்கொள்ள ஏலாது. தடம் ஒன்றுதான், ஓம். ஆனால் ஸ்டாம்பர் தேயும், பிளாஸ்டிக்கின் தரம் மாறும், அழுத்துகிற ஆட்களின் கவனமும் மாறும். என்னட்ட இதே சைட்விண்டர் காதோடையும் இருக்கு, காது இல்லாமலும் இருக்கு. காது உள்ளது கையில் எடுத்தாலே பாரம் தெரியும். டிரம்ஸ் வாசித்த பில்லி ஹிகின்ஸின்ட சிம்பல் அதில் காற்றில் நிற்கும். மற்றதில் கொஞ்சம் மங்கல். கெட்டது எண்டு சொல்லேல்லை, மங்கல்.

#5 மோனோபிரியன் (சிங்கப்பூர்)

அண்ணா, உங்கள் இரண்டு பிரதியும் ஒரே அளவு தேய்ந்தவையா? ஒன்றை 60 வருஷம் அலமாரியில் வைத்திருந்து, இன்னொன்றை ஒரு பார்ட்டிக்காரர் வாராவாரம் ஓட்டியிருந்தால் சிம்பல் மங்கத்தான் செய்யும். அதற்கு ஆலை என்ன செய்யும்?

#6 கடைத்தெரு (ஸ்கார்பரோ)

சரி, அதுவும் ஒரு கதைதான். ஆனால் பாரம் கூடினது பார்ட்டியால் இல்லையே.

#7 மேற்குச்சாலை (நியூஜெர்சி)

மூவருக்கும் நன்றி. பிளாஸ்டிலைட் நம்ம ஊர் என்பதே எனக்குத் தெரியாது. இன்னொரு சந்தேகம். மோனோவும் ஸ்டீரியோவும் தனித்தனிப் பதிவு, ப்ளூ நோட்டில் மோனோதான் 'உண்மையானது' என்று பல இடத்தில் படித்தேன். சரியா?

#8 ஊசிமுனை (சென்னை)

எந்த வருஷத்துத் தட்டு என்பதைப் பொறுத்தது.

வேன் கெல்டர் முதலில் பதிவு செய்தது ஹேக்கன்சாக்கில், அப்பா அம்மா வீட்டு ஹாலில். பகலில் கண் பரிசோதிக்கிற வேலை, மற்ற நேரத்தில் பதிவு. 1959-இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயரமான மரக்கூரை போட்ட ஸ்டூடியோவைக் கட்டிக்கொண்டு முழுநேரமாக இறங்கினார். 1957-58-இல் இரண்டு மெஷின் ஓடின, ஒன்று மோனோவுக்கு, ஒன்று இரண்டு டிராக்குக்கு. கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெயின்' அந்தக் காலத்தது. அதன் மோனோ தனி டேப், நீங்கள் படித்தது அதற்குப் பொருந்தும். 1958 கடைசியிலிருந்து மோனோ மெஷினை நிறுத்திவிட்டார். இரண்டு டிராக் டேப்பையே ஒன்றாகக் கலந்து மோனோ வெட்டினார். சைட்விண்டர் அந்த வகை. உங்கள் மோனோவும் கடையில் இருக்கும் ஸ்டீரியோவும் ஒரே டேப்பின் பிள்ளைகள்.

அப்புறம் ஏன் மோனோவைத் தேடுகிறோம்? நான் தேடுவதற்குக் காரணம் அந்தக் காலத்து ஸ்டீரியோவில் டிரம்பெட் ஒரு ஓரம், டிரம்ஸ் ஒரு ஓரம் என்று கிழித்துப் போட்டிருப்பார்கள். நடுவில் ஆளே இருக்கமாட்டார்கள். லீ மோர்கனும் சாக்ஸபோன்காரர் ஜோ ஹெண்டர்சனும் சேர்ந்து அந்த மெலடியை வாசிக்கும்போது இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து வந்தால்தான் எனக்கு உதைக்கிறது. இது ரசனை, சட்டம் இல்லை.

#9 மோனோபிரியன் (சிங்கப்பூர்)

மேற்குச்சாலை, தட்டை ஓட்டிப் பார்த்தீர்களா? டெட் வாக்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டும் முன் இரண்டு இடம் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் இருக்கும். டர்ன்டேபிளின் கம்பியில் ஓட்டையை மாட்டத் தடவித் தடவி விழுந்தவை. அவை எத்தனை என்று பார்த்தால் தட்டு எவ்வளவு ஓடியது என்று தெரிந்துவிடும். கீறல் தெரியாத, ஆனால் லேபிள் முழுக்கக் கோடு விழுந்த தட்டை நான் தொடமாட்டேன். கீறல் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். தேய்மானம் போகாது.

இரண்டாவது, முதல் பக்கத்தின் உட்பகுதி. சைட்விண்டர் ரேடியோவில், ஜூக்பாக்ஸில் எல்லாம் ஹிட்டான பாட்டு. வாங்கியவர்கள் முதல் பக்கத்தைத்தான் தேய்த்திருப்பார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டு முடிந்ததும் அதே பக்கத்தில் 'டோட்டெம் போல்' வரும். லேபிளை நெருங்க நெருங்க வட்டம் சிறுக்கும், ஊசிக்கு இடம் குறையும். அந்தக் காலத்துக் கனமான டோன்ஆர்ம் (ஊசி தாங்கும் கை) தடத்தைக் கடித்திருந்தால் அங்கே டிரம்பெட் உச்சத்துக்குப் போகும்போது தகரம் உரசுவது போல் கேட்கும்.

#10 மேற்குச்சாலை (நியூஜெர்சி)

ஓட்டினேன்! லேபிளில் கோடுகள் இருக்கின்றன, அதிகம் என்று சொல்லமுடியாது. முதல் பாட்டில் சின்னச் சின்னப் பொரிச் சத்தம். நீங்கள் சொன்ன அதே இடத்தில், 'டோட்டெம் போல்' கடைசி இரண்டு நிமிஷம், டிரம்பெட் கொஞ்சம் கரகரக்கிறது. இரண்டாம் பக்கம் சுத்தம். பாப் கிரான்ஷாவின் பேஸ் இவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதே இல்லை.

என்னிடம் இருப்பது சாதாரண ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு ஒலியை எடுக்கும் பகுதி). மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கினால் கரகரப்பு போகுமா?

#11 ஊசிமுனை (சென்னை)

தேய்மானக் கரகரப்பு போகாது, பொரிச் சத்தம் கணிசமாகக் குறையும். மோனோத் தடத்தில் இசை முழுக்கப் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் அழுக்கும்தான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் எடுக்கும். அசல் மோனோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவைக் கண்டுகொள்ளாது. காசு செலவழிக்கும் முன் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக் கேளுங்கள், பாதி வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் தட்டைக் கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டர், துளி சோப்புத் திரவம், மெல்லிய பிரஷ், தடத்தின் போக்கிலேயே. லேபிளில் தண்ணீர் படக்கூடாது.

#12 கடைத்தெரு (ஸ்கார்பரோ)

40 டாலருக்கு இரண்டாம் பக்கம் சுத்தம் எண்டால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். நான் போன வருஷம் நெட்டில் ஒரு பிரெஸ்டீஜ் கம்பெனித் தட்டு வாங்கினேன். விற்றவர் தரம் 'விஜி பிளஸ்' எண்டு போட்டிருந்தார். வந்த தட்டைப் பார்த்தால் யாரோ மேசையில் தேய்த்துத் துடைத்த மாதிரி. கேட்டால் 'சத்தம் பெரிசாய் இல்லை, வயசுக்கு நல்லது' எண்டு பதில்.

புதுசாய் வருகிற ஆட்களுக்குச் சொல்லுறன். இந்தத் தர எழுத்துகளை அகராதிப்படி வாசிக்காதேங்கோ. 'விஜி' எண்டால் 'மிக நன்று' எண்டுதான் விரிவு, ஆனால் வாங்குகிற ஆளுக்கு அதன் பொருள் பாட்டு முழுக்கப் பொரியும் எண்டது. 'குட்' எண்டால் சுவரில் மாட்ட நல்லது. 'விஜி பிளஸ்'க்குக் கீழே போனால் ஒலியைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லிக் கேட்டுப்போட்டு வாங்குங்கோ. தர மறுத்தால் அதுவே பதில்.

இன்னொன்று, அனுப்பச் சொல்லேக்க தட்டைக் கவருக்கு வெளியே எடுத்து, தனி உறையில் போட்டு, கவருக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கோ. உள்ளுக்கை இருந்தால் பெட்டி விழுகிற ஒவ்வொரு தரமும் தட்டு கவரின் விளிம்பைக் கிழிக்கும்.

#13 அரக்கு78 (கொல்கத்தா)

எல்லாரும் எல்பியிலேயே நின்றுவிட்டீர்கள். எல்பி வந்த 1948-க்கு முன்னால் ஜாஸ் இல்லையா?

நான் மதுரைக்காரன், வேலை நிமித்தம் பல வருஷமாக இங்கே. ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பழைய தட்டுக் கடைகளில் போன மாதம் டெடி வெதர்ஃபோர்டின் 78 (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) ஒன்று கிடைத்தது, இந்தியக் கொலம்பியா லேபிள். சிகாகோவில் பியானோ வாசித்தவர். 1926-இல் ஷாங்காய் போனார், பிறகு பம்பாய் தாஜ் ஹோட்டல், கடைசியில் இந்த ஊர் கிராண்ட் ஹோட்டல். யுத்த காலத்தில் ஊர் முழுக்க அமெரிக்கச் சிப்பாய்கள், தினமும் கூட்டம். கொலம்பியாவுக்கு இங்கேயே பதிவு செய்தார். 1945 ஏப்ரலில் காலராவில் இங்கேயே இறந்தார், வயது 41. லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு சிகாகோவில் ஒரே பேண்டில் வாசித்த ஒருவரின் தட்டு இங்கே கயிறு கட்டிய மூட்டைக்குள் கிடக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு இது கிடைக்காது, நமக்குக் கிடைக்கும். அப்படி இருந்தும் நாம் காது தேடிக்கொண்டிருக்கிறோம்.

தட்டு ஒரே சாம்பல். ஊசி மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

#14 மேற்குச்சாலை (நியூஜெர்சி)

அருமை! படம் போடுங்கள் சார். நான் இப்போதுதான் கழுவக் கற்றுக்கொண்டேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் கலந்தால் சாம்பல் போய்விடுமே?

#15 அரக்கு78 (கொல்கத்தா)

ஐயோ, வேண்டாம்! எல்பி வினைல், அது கொஞ்சம் ஆல்கஹாலைத் தாங்கும். 78 தட்டு அரக்கு. மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிற ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்? அதே கதி உங்கள் தட்டுக்கும். தண்ணீரும் துளி சோப்பும் மட்டும், உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

இந்தச் சாம்பல் அழுக்கு இல்லை என்பதுதான் சங்கடம். அரக்கோடு கல்தூள், கரித்தூள் எல்லாம் கலந்துதான் தட்டுச் செய்தார்கள். இரும்பு ஊசி அந்தத் தூளில் உரசி, ஊசியின் முனைதான் தடத்துக்கு ஏற்பத் தேய வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றச் சொன்னார்கள். வீட்டில் யார் மாற்றினார்கள்? ஒரே ஊசியில் நாள் முழுக்க ஓட்டினார்கள், தடம் சாம்பலாகிப் போனது. இப்போது நான் செய்வது வெவ்வேறு பருமன் ஊசி போட்டு, பழைய ஊசி தேய்க்காத உயரத்தில் தடத்தின் சுவரைத் தொடுகிறதா என்று பார்ப்பது. மோனோ எல்பிக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் முனை போதும். 78-க்கு அதைப்போல் மூன்று மடங்கு. எல்பி ஊசியை 78-இல் போட்டால் தடத்தின் அடியில் போய் அழுக்கில் உருளும், அவ்வளவுதான்.

#16 ஊசிமுனை (சென்னை)

அரக்குக்கும் ஜாஸுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அமெரிக்காவுக்கு அரக்கு பெரும்பாலும் போனது இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர் காடுகளின் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் பூச்சி கட்டும் பிசின். யுத்தத்தில் கப்பல் தட்டுப்பாடு வந்ததும் 1942-இல் அமெரிக்க அரசு அரக்கைக் கட்டுப்பாட்டில் வைத்தது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று கடைகள் கேட்கிற நிலைமை. எத்தனை நல்ல தட்டு உடைந்து அரைபட்டுப் போனதோ.

அதே 1942 ஆகஸ்ட் 1-இல் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. டெக்கா 1943-இல் இறங்கி வந்தது, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை பிடித்தன. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பிபாப் என்ற புதுவகை ஜாஸை உருவாக்கிக்கொண்டிருந்த சரியான நேரம் அது. அந்த இரண்டு வருஷத்துக்குக் கடையில் விற்ற பிபாப் தட்டு என்று ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 1945-இல் திடீரென்று முழுசாக வளர்ந்த இசையாகத் தட்டில் வந்து நிற்கிறது.

நடுவில் இருப்பது வி-டிஸ்க். சிப்பாய்களுக்காக ராணுவம் அழுத்தியது, 1943 முதல் 1949 வரை. சங்கம் அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. கப்பலில் அரக்கு உடைகிறது என்று வினைலில் போட்டார்கள். 12 அங்குலம், ஒரு பக்கத்தில் ஆறு நிமிஷம் வரை ஓடும். விற்பனைக்கு இல்லை என்று ஒப்பந்தம் என்பதால் யுத்தம் முடிந்ததும் அழித்தார்கள். மிஞ்சியவை சிப்பாய்கள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவை. அமெரிக்காவில் வீடு காலி செய்கிற விற்பனையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள் தம்பி.

#17 மோனோபிரியன் (சிங்கப்பூர்)

இந்த இடத்தில் நான் ஒரு கல் எறிகிறேன். ஒரிஜினல் என்றாலே புனிதமா?

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எடுத்துக்கொள்ளுங்கள். 1959 கொலம்பியா, லேபிளில் கண் வடிவச் சின்னம் ஆறு போட்ட முதல் பிரஸ்ஸிங்குக்கு ஆளாளுக்கு அலைகிறார்கள். முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது டேப் மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் முழுக்கச் சற்று வேகமாக, சுருதி ஏறி ஒலிக்கும். 1992-இல் காப்பு டேப்பை வைத்துத் திருத்தும் வரை உலகம் முழுக்க அப்படித்தான் கேட்டது. கேட்கிற விலையைக் கொடுத்து ஆறு கண் வாங்கினால் சுருதி தப்பிய பக்கம்தான் கிடைக்கும்.

ப்ளூ நோட்டுக்கே வாருங்கள். 2019-இலிருந்து வரும் டோன் போயட் மறுவெளியீட்டு வரிசை, கெவின் கிரே அசல் டேப்பிலிருந்து வெட்டுவது. சத்தமில்லாத வினைல், அருமையான கவர். அதற்கு முன்னால் ஜப்பானின் கிங் கம்பெனி பிரஸ்ஸிங், 1977 முதல் 1983 வரை. ஓரத்தில் காகிதப் பட்டையோடு இங்கே அடெல்ஃபி கடைகளில் இன்றும் கிடைக்கும். கேட்பதற்கு வாங்குகிறவருக்கு இவை போதாதா?

#18 கடைத்தெரு (ஸ்கார்பரோ)

காது, ஆறு கண். இனி மூக்கு மட்டும்தான் பாக்கி.

டோன் போயட் நல்லது, நானும் வாங்குவன். ஆனால் 'அசல் டேப்பிலிருந்து' எண்ட சொல்லை நம்பினதுக்கு 2022-இல் என்ன நடந்தது? மொபைல் ஃபிடிலிட்டி எண்ட மறுவெளியீட்டுக் கம்பெனி தங்கட தட்டுகளை வெட்ட முன்னம் டேப்பை டிஜிட்டலுக்கு மாற்றினது வெளியில் வந்து பெரிய ரகளை, வழக்கும் போனது. அதுவரைக்கும் அந்தத் தட்டுகளைக் கேட்டு 'அனலாக் வெப்பம்' எண்டு பக்கம் பக்கமாய் எழுதினவை ஒருத்தரும் காதால் கண்டுபிடிக்கேல்லை.

#19 மோனோபிரியன் (சிங்கப்பூர்)

நீங்களே என் வாதத்தைச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. டிஜிட்டல் நடுவில் வந்ததே யாருக்கும் கேட்கவில்லை என்றால், பிளாஸ்டிலைட்டுக்கும் லிபர்ட்டிக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை பேருக்குக் கேட்கும்?

#20 கடைத்தெரு (ஸ்கார்பரோ)

கேட்காமல் போகலாம். ஆனால் நான் காதுள்ள தட்டை வாங்கிறது கேட்க மட்டும் இல்லை. லீ மோர்கனுக்கு அப்ப 25 வயசு. இந்தத் தட்டு கடைக்கு வந்த அந்தக் கிழமை யாரோ ஒருத்தர் கையில் எடுத்த அதே பொருள் என்ட கையில் இருக்க வேணும் எண்டு ஆசை. அதுக்கு நியாயம் சொல்ல எனக்குத் தெரியாது. ஹேங்க் மோப்லியின்ட ப்ளூ நோட் 1568-ஆம் எண் தட்டில் ஒரு பக்க லேபிள் முகவரியில் 'நியூயார்க் 23' இருக்கும், மற்றப் பக்கத்தில் 23 இருக்காது. இதை வைத்து ஆயிரக்கணக்கில் டாலர் ஏறுது, இறங்குது. அது பைத்தியம். எனக்குள்ளது அதில் ஒரு கால்வாசி.

#21 அரக்கு78 (கொல்கத்தா)

ஒரிஜினலா ரீஇஷ்யூவா என்கிற சண்டைக்கு 78 உலகத்தில் வேறு பதில். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் பேண்ட் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜென்னெட் கம்பெனிக்குப் பதிவு செய்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முதல் பதிவுகள் அவை. மைக் கிடையாது, ஒரு கூம்புக் குழாய், அதன் முன்னால் எல்லாரும் கூட்டமாக நின்று வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை அமுக்குகிறது என்று அவரைத் தள்ளித் தூரத்தில் நிற்க வைத்தார்கள். பெரிய டிரம்ஸ் வாசித்தால் ஊசி துள்ளிவிடும் என்று பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டினார். ஸ்டூடியோ பக்கத்திலேயே ரயில் பாதை, வண்டி வந்தால் பதிவை நிறுத்த வேண்டும்.

இவற்றின் மூல உலோகத் தட்டுகள் இப்போது இல்லை. நீங்கள் சிடியிலோ ஸ்ட்ரீமிங்கிலோ கேட்பது யாரோ ஒரு சேகரிப்பாளர் வைத்திருந்த பழைய பிரதியிலிருந்து எடுத்தது. அங்கே நல்ல பிரதி வைத்திருப்பவர்தான் மூல டேப் வைத்திருப்பவர். எல்பிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், சண்டை போட டேப்பாவது இருக்கிறது.

வேகமும் நம் தலையில்தான். 78 என்பது பேருக்கு, அந்தக் காலத்தில் ஆளுக்கொரு வேகத்தில் வெட்டினார்கள். ஊதுகருவி பேண்ட் என்றால் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் போன்ற சுருதிகளில்தான் இருக்கும். ஓட்டும்போது பி நேச்சுரல் காட்டினால் தட்டு அரைச் சுருதி வேகமாக ஓடுகிறது என்று பொருள், குறைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு ஆர்மோனியம் வைத்துக்கொண்டுதான் நான் கேட்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

#22 ஊசிமுனை (சென்னை)

ஆர்மோனியம் அருமை.

இங்கே என் பிரச்சினை சுருதி இல்லை, பூஞ்சை. அக்டோபர் வந்தால் கவரெல்லாம் வெள்ளைப் பொட்டு. நான் பிளாஸ்டிக் வெளி உறையை மூடி வைப்பதில்லை, வாய் திறந்தே இருக்கட்டும். காற்று போகாவிட்டால் ஈரம் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அலமாரியைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன். வெயிலில் காரில் தட்டை விட்டுவிட்டுக் கடைக்குள் போகிற ஆசாமிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

1958-இல் டேவ் புருபெக் குழு மெட்ராஸில் வாசித்தது, 1963-இல் டியூக் எலிங்டன் வந்தார். மூர் மார்க்கெட் 1985-இல் எரியும் வரை அங்கே பழைய தட்டு வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நம் ஆட்கள் கேட்டுப் பாருங்கள்.

#23 மேற்குச்சாலை (நியூஜெர்சி)

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. சைட்விண்டரை விற்கப்போவதில்லை. மோனோ பொத்தான் அழுத்திக் கேட்டேன், ஊசிமுனை சார் சொன்னது சரி, பொரிச் சத்தம் பாதிதான்.

சனிக்கிழமை இன்னொரு வீட்டு விற்பனை. விளம்பரப் படத்தில் ஐந்தாறு பெட்டித் தட்டுகள் தெரிகின்றன, கீழே தடித்த ஆல்பங்கள் மாதிரியும் ஏதோ இருக்கிறது. கூட்டம் இருக்கும், அரை மணி நேரம் கிடைத்தால் பெரிசு. எதைப் பார்ப்பது?

#24 மோனோபிரியன் (சிங்கப்பூர்)

கவரைப் பார்த்து மயங்காமல் தட்டை வெளியே எடுத்து, கவரில் உள்ள எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மாற்றிப் போட்டிருப்பார்கள். பிரெஸ்டீஜ் என்றால் மஞ்சள் லேபிள். அதில் 'பெர்கன்ஃபீல்ட், என்.ஜே.' முகவரி இருந்தால் பொதுவாக 1958-64, நியூயார்க் 50-ஆவது தெரு முகவரி இருந்தால் அதற்கும் முந்தையது. டெட் வாக்ஸில் ஆர்விஜி (ரூடி வேன் கெல்டர்) என்ற எழுத்து இருந்தால் தனியே வையுங்கள். ரிவர்சைட் லேபிள் 1964-இல் திவாலானது, மைக்கும் ரீலும் வரைந்த அதன் பழைய லேபிள் கண்ணில் பட்டால் எடுங்கள், விலை இன்னும் ப்ளூ நோட் அளவு ஏறவில்லை.

#25 கடைத்தெரு (ஸ்கார்பரோ)

கவரில் பழைய ஆளின்ட பேர் எழுதியிருந்தால் விலை குறைத்துக் கேளுங்கோ. ஒரே பேர் பல கவரில் இருந்தால் அந்த ஆளின்ட தட்டு முழுக்கப் பாருங்கோ. ஒழுங்காய் வைத்த ஆள் எல்லாத்தையும் ஒழுங்காய் வைத்திருப்பார்.

#26 அரக்கு78 (கொல்கத்தா)

தடித்த ஆல்பம் என்றால் அநேகமாக 78-தான், புத்தகம் மாதிரி உறைகளாகத் தைத்திருப்பார்கள். ஒற்றைக் கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் இருக்கும் தட்டு தன் பாரத்திலேயே உடையும். இரண்டு கையும் அடியில் கொடுங்கள். காரில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, இடைவெளி இல்லாமல் நெருக்கி, இரண்டு பக்கமும் துணி அடைத்துக் கொண்டுபோங்கள். 12 அங்குலமாக, வளைகிற மாதிரி லேசாக இருந்தால் அது வி-டிஸ்க்காக இருக்கலாம், லேபிளைப் பாருங்கள். ஜென்னெட், ஓகே (Okeh), பாரமவுண்ட் என்ற கம்பெனிப் பெயர் எதைப் பார்த்தாலும் உடனே லேபிளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நான் ராத்திரி விழித்திருப்பேன்.